ஔவை திறக்காத பூட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை காவேரிப்பட்டணத்து மாங்காய் வியாபாரி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, தோப்பின் பட்டாவையும் போன வருடத்துக் குத்தகைக் கணக்கையும் எடுத்துக் காட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும் என்று சொல்லியிருந்தேன். அம்மா அவருக்கு மூன்றாவது தம்ளர் மோர் கொடுத்த பிறகும் அந்த இரண்டு நிமிடம் முடிந்தபாடில்லை.

யாரும் திருட விரும்பாத அந்த ஆவணங்களை ஜிபிஜி என்ற மென்பொருள் கொண்டு மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்த புத்திசாலி நான்தான். பழைய மடிக்கணினி தை மாதமே உயிரை விட்டுவிட்டது. சாவிக் கோப்பின் நகல் பென் டிரைவில் இருந்ததால் நான் அதற்காகக் கவலைப்படவே இல்லை. புதிய கணினியில் நகலை இறக்குமதி செய்தேன், அதுவும் முடிந்தது என்றது. ஆனால் ஆவணத்தைத் திறக்கப் போனால், பூட்டைத் திறக்கும் அந்தரங்கச் சாவி இல்லை என்றது. நகலின் முதல் வரியை அப்போதுதான் படித்தேன். 'பிரைவேட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பப்ளிக்' என்று இருந்தது. வெறுமனே ஏற்றுமதி செய்யச் சொன்னால் ஜிபிஜி பூட்டுவதற்கான பொதுச்சாவியை மட்டுமே தரும், அந்தரங்கச் சாவிக்குத் தனிக் கட்டளை உண்டு. ஊருக்கெல்லாம் வாரி வழங்க வேண்டிய சாவியை மூன்று வருடமாகப் பீரோவுக்குள் பூட்டிக் காவல் காத்திருக்கிறேன்.

அந்தரங்கச் சாவியைத் தாளில் அச்சிட்டும் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. தேடியதில் அது சமையலறை அலமாரியில், நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடைத்தது. நல்லெண்ணெய் வட்டமாக ஊறி, நடுவில் எட்டு வரிகள் பின்பக்கத்து எழுத்தோடு கலந்து போயிருந்தன. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சாவி உதவாது. அதியமான் கொடுத்த நெல்லிக்கனி ஔவையின் ஆயுளை நீட்டியது என்று தர்மபுரிக்காரர்கள் நாம் இன்றுவரை பெருமை பேசுகிறோம். எங்கள் வீட்டு நெல்லிக்காய் செய்த வேலை இது.

கடைசியில் அதே பென் டிரைவில், கல்யாணப் புகைப்படங்களுக்கு நடுவே, உண்மையான நகலும் இருந்தது. ஜிபிஜியின் இப்போதைய பதிப்புகள் இறக்குமதியின்போதே, சாவியைக் காக்கும் கடவுச்சொற்றொடரைக் கேட்கும். அது எனக்கு மறக்கக்கூடியதே அல்ல, 'ஔவைக்குக் கொடுத்த கனி'. தட்டினேன், தவறு என்றது. மூன்று முறை தட்டி, மூன்று முறையும் தவறாகி, முதலிலிருந்து தொடங்கி மறுபடி மூன்று முறை தட்டினேன். புள்ளிகளாக மறைந்திருந்ததை வெளியே காட்டச் சொல்லிப் பார்த்தால் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. வியாபாரி எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். அதையும் செய்தேன்.

முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்த அம்மா மோர்ச் சொம்போடு பின்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எந்த ஔ போட்டே?" என்று கேட்டார். ஔவில் எத்தனை வகை இருக்கிறது என்று எரிச்சலோடு திரும்பினேன். "நீதான் சின்ன வயசிலிருந்து ஒகரத்துக்குப் பக்கத்துல ளகரத்தைப் பெரிசா எழுதுவியே" என்றார். பழைய கணினியின் விசைப்பலகையில் ஔ எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஒ அடித்து, ள அடித்து ஒப்பேற்றியது அப்போதுதான் உறைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ ஔ என்பது மூன்று பைட், ஒள என்பது ஆறு பைட். பிழையாகத் தட்டினேன், மறைப்புப் புள்ளி ஒன்று கூடியது, பூட்டு திறந்தது.

திறந்த கையோடு, என்னுடைய சாவியையே நம்பத்தக்கதா என்று தெரியவில்லை என்றது ஜிபிஜி. வியாபாரியும் பட்டாவைப் பார்த்துவிட்டு அதே முகத்தோடுதான், போன வருடத்தைவிடக் குறைத்து விலை சொன்னார்.

இதையெல்லாம் இங்கே எழுதிவிட்டதால் கடவுச்சொற்றொடரை மாற்றிவிட்டேன். பழைய நகல் பழைய சொற்றொடருக்கே திறக்கும் என்பதால் அதை அழித்து, புதிய நகலும் எடுத்துவிட்டேன். புதியதிலும் ஒரு பிழை இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் சிவப்பு மையால் அம்மா சுழித்துச் சுழித்து அலுத்துப்போன பிழை. எது என்று அவருக்குத் தெரியும்.