சம்பளம் இல்லாத வனக்காவலர்கள்: நாட்குறிப்பிலிருந்து

அக்டோபர் 12, 2024

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் டீன் காட்டின் ஓரத்தில் நியூலாண்ட் என்று ஒரு சிற்றூர். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம் அங்கே இருக்கிறது. ‘காட்டின் பேராலயம்’ என்றுதான் இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். உள்ளே வருகிறவர்கள் தேடிப் பார்ப்பது வாயில் மெழுகுவத்திக் கம்பைக் கடித்தபடி நிற்கும் சுரங்கத் தொழிலாளியின் பித்தளை உருவத்தை. நான் போனது ஜென்கின் வைரலைப் பார்க்க.

வைரல் 1457 செப்டம்பர் 8 அன்று இறந்தவர். கல்லறை மேல் கல் உருவமாகப் படுத்திருக்கிறார். அந்தக் காலத்துத் தேவாலயக் கல்லறைகளில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் கவசம் போட்ட பிரபுக்கள் அல்லது அங்கி அணிந்த பாதிரிமார்கள். இவரோ வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே இருக்கிறார்: தலையில் தொப்பி, தளர்ந்த மேலங்கி, இடுப்பில் கத்தி, வேட்டைக் கொம்பு, காலடியில் நாய். கல் தேய்ந்து முகம் மழுங்கியிருக்கிறது. ஆனால் கொம்பு தெளிவாகத் தெரிகிறது. பக்கவாட்டில் பெயரோடு தொழிலையும் பழைய ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள்: ‘ஃபார்ஸ்டர் ஆஃப் ஃபீ’. பரம்பரை வனக்காவலர். அப்பா வகித்த பதவி, பிறகு பிள்ளைக்கு. ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகள் வழியாக மருமகனுக்கு. பதவியே சொத்து.

அக்டோபர் 14

அலுவலக நண்பர் கேட்டார்: “காடுன்னா மரம்தானே, அதுக்கு எதுக்குத் தனிச் சட்டம்?”

இடைக்கால இங்கிலாந்தில் ‘காடு’ என்றால் மரங்கள் அடர்ந்த இடம் என்று மட்டும் பொருளில்லை. அரசர் வேட்டைக்கென்று எல்லை வகுத்து, தனிச் சட்டம் போட்ட பரப்பு அது. உள்ளே ஊர் இருக்கும், வயல் இருக்கும், அடுத்தவருக்குச் சொந்தமான தோப்பும் இருக்கும். அந்தத் தோப்பில் சொந்தக்காரரே மரம் வெட்டினாலும் குற்றம். மானுக்குத் தீனியும் மறைவிடமும் குறையக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். உள்ளே வாழ்ந்தவர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

அக்டோபர் 19

இன்று செஷயர் பக்கம். அங்கே காடுகள் அரசருடையவை அல்ல. 1237 வரை செஸ்டர் பிரபுவுக்குச் சொந்தம். அவரிடம் மேக்கிள்ஸ்ஃபீல்டு காட்டின் தலைமைக் காவலைப் பரம்பரையாக வைத்திருந்தது டேவன்போர்ட் குடும்பம். மானைக் காப்பதோடு காட்டில் ஒளிந்திருக்கும் கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதும் அவர்கள் வேலை. அதற்கு வழக்கப்படி கிடைத்தது: கொள்ளையர் தலைவன் ஒருவனுக்கு 2 ஷில்லிங்கும் ஒரு சால்மன் மீனும். கூட்டாளிகளுக்குத் தலைக்கு 1 ஷில்லிங், மீன் கிடையாது.

தலைவனுக்கு மட்டும் மீனைச் சேர்த்த கணக்கு எந்த மூளையில் உதித்ததோ! குடும்பச் சின்னமும் அதற்கேற்றபடிதான்: கழுத்தில் தூக்குக் கயிறு மாட்டிய குற்றவாளியின் தலை.

அக்டோபர் 27

ரட்லண்டு காட்டு வழக்கு, 1269. இரண்டு நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை, எழுதிவிடுகிறேன்.

பீட்டர் டி நெவில் அந்தக் காட்டின் பரம்பரைக் காவலர். அவர் செய்த அட்டூழியங்களை ஊர் மக்கள் சத்தியம் செய்து சொல்ல, எழுத்தர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று: லிடிங்டன் ஊர்க்காரன் ஒருவன் முயல் பிடித்தான் என்று சந்தேகம். அவனும் ஒரு பீட்டர், கான்ஸ்டன்டைனின் மகன். அவனைச் சங்கிலியில் கட்டி, அலெக்ஸ்டனில் நெவிலின் சொந்தச் சிறையில் இரண்டு பகல் இரண்டு இரவு போட்டுவிட்டார்கள். சிறையின் தரையெல்லாம் தண்ணீர். அங்கிருந்த பெஞ்சின் மேல் உட்கார விடும்படி காவலர்களுக்கு அவன் 2 பென்னி கொடுத்தான்.

பதிவில் இது ஒரே வாக்கியம். வர்ணனை எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரும் பெஞ்சும் 2 பென்னியும் போதாதா?

இத்தனைக்கும் முயல் காட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே கிடையாது. சிவப்பு மான், புள்ளி மான், சிறுமான், காட்டுப்பன்றி இந்த நான்கும்தான் காட்டு விலங்குகள்.

நெவில் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அமைப்பைப் பாருங்கள். பரம்பரைக் காவலருக்கு அரசர் பொதுவாகச் சம்பளம் தருவதில்லை. ஊழிய மானியமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. மீதியைக் காட்டிலிருந்தே அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றில் விழுந்த மரம், வெட்டிய மரத்தின் கிளை, ஓக் கொட்டை தின்ன வரும் பன்றிகளுக்கான கட்டணத்தில் பங்கு என்று ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பல காவலர்கள் பதவிக்காக அரசருக்கே ஆண்டுக் குத்தகை கட்டினார்கள். அவருக்குக் கீழே இருந்த சிறு காவலர்களும் பல இடங்களில் மேலே பணம் கட்டித்தான் வேலையில் இருந்தார்கள். கட்டியதை எங்கிருந்து எடுப்பார்கள்? வண்டிக்காரனிடம், பன்றி மேய்ப்பவனிடம், முயல் பிடித்ததாகச் சந்தேகப்பட்டவனிடம். ‘வழக்க உரிமை’ என்ற மரியாதையான பெயருக்குள் இவ்வளவும் அடக்கம்.

நவம்பர் 6

1217-ல் இதே நாளில்தான் காட்டுச் சாசனம் வெளியானது. மூன்றாம் ஹென்றிக்கு அப்போது பத்து வயது. தனக்கென்று முத்திரைகூட இல்லாத ராஜா. அவருக்காக ஆட்சியை நடத்திய வில்லியம் மார்ஷலும் போப்பின் தூதர் குவாலாவும் தங்கள் முத்திரைகளை வைத்தார்கள்.

‘மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது’ என்ற வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது 14-ஆவது பிரிவு, வழிக்கட்டணம் பற்றியது. குத்தகை கட்டும் பரம்பரைக் காவலர் மட்டுமே அதை வசூலிக்கலாம். வண்டிக்கு அரை ஆண்டுக்கு 2 பென்னி, சுமைக் குதிரைக்கு அரை பென்னி. அதுவும் விறகு, மரம், பட்டை, கரி வாங்க வெளியிலிருந்து வரும் வியாபாரிகளிடம் மட்டும். முதுகில் சுமந்து போகிறவன், அதை விற்றே பிழைப்பவனாக இருந்தாலும், ஒன்றும் தர வேண்டியதில்லை.

காவலரின் உரிமையைச் சாசனம் பறிக்கவில்லை. அதற்கு விலைப்பட்டியல் போட்டு, முதுகுச் சுமைக்காரனை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. 52 ஆண்டு கழித்து லிடிங்டன்காரன் பெஞ்சுக்குக் கொடுத்ததும் அதே 2 பென்னி. ஒரு வண்டி அரை வருடம் போய்வரும் கட்டணம்.

7-ஆவது பிரிவையும் சொல்லியாக வேண்டும். காவலர்கள் கதிர்க்கட்டு, ஓட்ஸ், ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி என்று வசூல் பண்ணக் கூடாது என்கிறது. தடை போடுகிறார்கள் என்றால் அதுவரை என்ன நடந்தது என்று தெரிகிறதல்லவா!

சாசனத்தில் மிச்சமிருந்தது 1971-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது.

நவம்பர் 10

வில்ட்ஷயரின் சேவர்னேக் காடு. எஸ்டர்மி குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் 1427-ல் காவல் பதவி பெண் வழியாக சீமோர்களுக்குப் போனது. அந்த வீட்டுப் பெண் ஜேன் சீமோரைத்தான் எட்டாம் ஹென்றி 1536-ல் மணந்தார். பதவி அதன் பிறகும் பெண்கள் வழியாக இரண்டு குடும்பங்கள் மாறி இன்றுவரை தொடர்கிறது. காட்டைப் பராமரிக்கும் வேலை மட்டும் 1939-ல் வனத்துறையிடம் போய்விட்டது, 999 வருடக் குத்தகைக்கு.

பதவியின் அடையாளமான கொம்பு யானைத் தந்தத்தால் ஆனது. வெள்ளிப் பட்டைகளில் வண்ணப் பூச்சு வேலை. அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. டிசம்பரில் லண்டன் போகும் வேலை உண்டு. காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.