சேர்ச்சுக்குப் பின்னால் நிற்குது

நேற்று இரவு எங்கள் வளவுக்குள் யானை வரவில்லை. ஆனால் யானை வெடி போட்டாயிற்று.

எங்கள் வளவில் ஃபோன் சிக்னல் கிணற்றடியில்தான் பிடிக்கும். மருமகன் உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தியிருந்து ஐடென்டிட்டி ஃபைவ் விளையாடிக்கொண்டிருந்தான். 2018இல் நெட்ஈஸ் என்ற சீனக் கம்பனி விட்ட கேம். ஆட்களெல்லாம் பொத்தான் கண் தைத்த பொம்மைகள். வேட்டைக்காரன் ஒருத்தன், தப்பி ஓடுகிறவர்கள் நாலு பேர். சங்கேத மெஷின் ஐந்தை முடித்தால்தான் வெளிக்கதவுக்குக் கரண்ட் வரும். நாங்கள் இந்த வீட்டுக்குக் கரண்ட் எடுக்க அலைந்ததோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. பிடிபட்டால் ரொக்கெட் பூட்டிய கதிரையில் கட்டிவிடுவான். நேரத்துக்கு ஆராவது வந்து அவிழ்க்காவிட்டால் கதிரையோடு ஆகாயம்தான்.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வைக்கோல் தொப்பி போட்ட தோட்டக்காரப் பெட்டையில் அவவுக்குத் தனி விருப்பம். "கெட்டிக்காரி, அவன் வரமுன்னமே கதிரையைக் கழட்டிப் போடுறாள்." இந்தக் கேமில் சும்மா நின்றால் தலைக்கு மேல் காகம் சுற்றும். அதைக் கண்டதும், "பெட்டைக்குச் சனி பிடிச்சிட்டுது, எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்லு" என்றா.

அப்போதுதான் இவன், காதில் மாட்டியிருந்ததற்குள் கூட்டாளிகளுக்குக் கத்தினான். "வாறான்! என்ர பக்கம் வாறான்! நீங்கள் ஓடுங்கோ!"

பக்கத்து வளவு அண்ணையின் தென்னம்பிள்ளைகளைப் போன கிழமைதான் தனியன் ஒன்று பிடுங்கிப் போட்டது. அன்றிலிருந்து மனுசன் வெடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். ஆர், எவர் என்று கேட்கவில்லை, கொளுத்திவிட்டார். அந்தச் சத்தத்தில் மருமகனின் விரல் தவற, மெஷின் பொறி பறந்து, இருக்கிற இடம் வேட்டைக்காரனுக்குத் தெரிந்துபோனது.

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோச்சோடு வேலி பாய்ந்து வந்தார்.

"எங்கயடா நிக்குது?"

இவன் தலை நிமிர்த்தவில்லை. "சேர்ச்சுக்குப் பின்னால, மாமா."

"சேர்ச்சுக்கோ? அது இங்கயிருந்து நாலு கட்டையெல்லோ!"

விளக்கம் சொல்லி அவரை ஆற்றுவதற்குள் கேம் முடிந்தது. ரெண்டு பேர் கதிரையோடு போனார்கள், தோட்டக்காரியும் இன்னொருவரும் கதவால் வெளியே. "சமன்" என்றான் மருமகன், ஒரு கொட்டாவியோடு.

"என்னெண்டு சமன்?" என்றா அம்மா. "ரெண்டு பேர் போயிட்டினமெல்லோ."

"அம்மம்மா, ரெண்டு பேர் தப்பினால் சமன். அதுதான் ரூல்."

"ஆர் போட்ட ரூல்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை ரோச்சை மடியில் செருகிக்கொண்டு கல்லில் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். "தம்பி, இன்னொருக்காப் போடு. இந்த முறை நாலு பேரையும் வெளியால கொண்டுவா."

பன்னிரண்டு மணி தாண்டியும் எழும்பவில்லை. டேட்டா முழுக்க என்ர.