டம்பெல்லை இறக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறது? பி.பி.எட் (உடற்கல்விப் பட்டம்) அனாடமி படிக்கிறவர்களுக்கு

முதல் செமஸ்டர் இன்டர்னலில் ஒரு கேள்வி வந்தது. டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போது முழங்கை மூட்டில் எந்தத் தசை வேலை செய்கிறது, அது எந்த வகைச் சுருக்கம்? நான் யோசிக்காமல் ட்ரைசெப்ஸ் என்று எழுதிவிட்டேன். கை மடங்கினால் மேற்கையின் முன்பக்கத் தசை பைசெப்ஸ், நீண்டால் பின்பக்கத் தசை ட்ரைசெப்ஸ் என்று பள்ளியிலிருந்தே மனப்பாடம். சரியான விடை பைசெப்ஸ். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தால் பக்கத்தில் இருந்தவர்களும் இதையேதான் எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கிரவுண்டில் ஒரு சீனியர் அண்ணன் சொல்லித் தந்தது இன்றுவரை உதவுகிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம் இல்லையா, அப்போதும் கைதானே பிடித்திருக்கிறது, வாளியைக் கீழே தள்ளிவிட யாரும் தேவையில்லையே என்றார். டம்பெல்லைக் கீழே கொண்டுபோவது புவியீர்ப்பு. அது தடாலென்று விழாமல் பிடித்துக்கொண்டே நீளம் கூடுகிறது பைசெப்ஸ், அதுதான் எக்சென்ட்ரிக் சுருக்கம். தூக்கும்போது அதே தசை நீளம் குறைந்து வேலை செய்வது கான்சென்ட்ரிக். பாதியில் அப்படியே நிறுத்திப் பிடித்தால் ஐசோமெட்ரிக். நம்பிக்கை இல்லையென்றால் புத்தகப் பையை வலது கையில் பிடித்து மெதுவாக இறக்கிக்கொண்டே இடது கையால் மேற்கையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும், பின்பக்கம் தளர்வாக இருக்கும்.

தசையால் இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு, எந்த அசைவைக் கேட்டாலும் வெளியிலிருந்து வரும் விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் தசையின் பெயர். புஷ்-அப்பில் மேலே எழும்போது ட்ரைசெப்ஸ் கான்சென்ட்ரிக், கீழே போகும்போதும் அதே ட்ரைசெப்ஸ்தான், ஆனால் எக்சென்ட்ரிக். முழங்கை மடங்குகிறதே என்று அங்கே பைசெப்ஸை எழுதினால் மார்க் போய்விடும்.

திருச்சி மலைக்கோட்டைக்குப் போய் வந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையின் முன்பக்கம் வலித்து உட்கார முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இறங்கியதுதான், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தாங்கிக்கொண்டே முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸ் நீள்கிறது. இந்த வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று கிரவுண்டில் இன்னமும் பலர் சொல்கிறார்கள், தயவுசெய்து அதைத் தேர்வில் எழுதாதீர்கள். கடுமையாக ஓடிய பிறகு ரத்தத்தில் கூடும் லாக்டேட் ஒரு மணி நேரம் அல்லது சற்றே கூடுதல் நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. பழக்கமில்லாத எக்சென்ட்ரிக் வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம், அதைத் தொடரும் அழற்சி என்று எழுதுங்கள்.

தசை எப்படிச் சுருங்குகிறது என்று விளக்கும் சறுக்கும் இழைக் கோட்பாட்டைப் பலர் படம் வரைந்து மட்டுமே படிக்கிறார்கள். இரண்டு கைவிரல்களையும் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரலின் நீளம் மாறவில்லை, கைகள்தான் நெருங்கி வந்தன. தசை நாருக்குள் இருக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகளும் அப்படித்தான், அதனால்தான் மயோசின் இழையின் நீளமான ஏ பட்டை மாறாமல், ஆக்டின் மட்டும் உள்ள ஐ பட்டையும் மயோசின் மட்டும் உள்ள எச் பகுதியும் குறுகுகின்றன. ஆக்டின் மேல் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தோடு கால்சியம் சேர, மயோசின் ஒட்டும் இடத்தை மறைத்திருக்கும் ட்ரோபோமயோசின் விலகி வழிவிட, மயோசின் தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது என்ற வரிசையைத் தவறாமல் எழுத வேண்டும். பிடியை விடுவிக்கவும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேண்டும் என்பதைச் சேர்த்தால் நல்லது, இறந்த உடல் விறைப்பதற்குக் காரணமும் ஏடிபி தீர்ந்துபோவதுதான். 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம், 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல, பெயரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நார் வகைகளுக்கு ஆட்டத்திலிருந்தே உதாரணம் எடுங்கள். நான் கபடி ஆடுகிறவன், எனக்கு அது எளிது. 30 நொடி ரெய்டில் மெதுவாக நகர்ந்து பார்க்கும்போது முதல் வகை மெதுநார்களே போதும். சட்டென்று காலை வீசித் தப்பிப் பாயும்போது இரண்டாம் வகை வேகநார்களும் சேர்ந்துகொள்கின்றன, அந்த வெடிப்புக்கு உடனடி எரிபொருள் ஏடிபி-பிசி அமைப்பு (தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏடிபியும் பாஸ்போகிரியேட்டினும்), சுமார் 10 நொடிதான் தாங்கும். ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து இரண்டு பேரும் நகராமல் நிற்கும் அந்தக் கணத்தில் பிடிப்பவரின் கையில் நடப்பது ஐசோமெட்ரிக்.

செமஸ்டர் தேர்வில் எங்களுக்கு ஸ்குவாட் கேட்டார்கள், கீழே உட்காரும் கட்டம். முழங்காலுக்குக் குவாட்ரிசெப்ஸ் எக்சென்ட்ரிக் என்று பெரும்பாலானோர் சரியாக எழுதினார்கள், இடுப்பு மூட்டில்தான் சறுக்கினார்கள். இடுப்பு மடங்குகிறதே என்று மடக்கும் தசையான இலியோசோவாஸை எழுதிவிட்டார்கள். அங்கே எடையைப் பிடித்து நிறுத்துவது பின்பக்கத்துக் குளூட்டியஸ் மாக்சிமஸ். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, பின்பக்கம் கையை வைத்து, மெதுவாகப் பாதி உட்கார்ந்து பாருங்கள்.