மூன்று மணி இருமல்

கார்த்திகை பிறந்த வாரத்தில் வந்த காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. இருமல் மட்டும் தங்கிவிட்டது. பொங்கலுக்குக் கும்பகோணம் போன இரவு ரயிலிலும் கூடவே வந்தது. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் தன் போர்வையை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியும் வரை கதவோரம் நின்று, துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டே பயணம் செய்தேன்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். குரல்தான் என் பிழைப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினால் பிள்ளைகள் கணக்கை விட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதல் ஒரு மாதம் வீணாகப் போனது. தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் இன்னொரு ஆன்டிபயாடிக், கூடவே தூக்கம் வரவழைக்கும் சிரப். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. சளிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இது எனக்கே தெரியும். தெரிந்தும் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தையின் வைத்தியம் தனியாக நடந்தது. என் மாமியாருக்கு எழுபது வயது. காலையில் கற்பூரவல்லிச் சாறு, மாலையில் சித்தரத்தைக் கஷாயம், படுக்கும்போது மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்ட பால். இடையிடையே மென்று விழுங்க அதிமதுரத் துண்டு. அவை தொண்டைக்கு இதம் தந்தன. அதை மறுக்க மாட்டேன். இரவில் பாலைக் குடித்தால் ஒரு மணி நேரமாவது நிம்மதியாகத் தூங்குவேன். மூன்று மணிக்கு மறுபடியும் எழுப்பிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறேன். படித்துக்கொண்டே நான்கு வாரம் கடந்துவிட்டேன். காரணம் பயம். காசநோய் என்று பள்ளியில் யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். உண்மையிலேயே அந்த நோய் இருந்திருந்தால், என் பயத்தின் விலையை அவர்கள் அல்லவா கொடுத்திருப்பார்கள்? இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டு மாதிரிகள் கேட்டார்கள். அங்கேயே ஒன்று, மறுநாள் காலை எழுந்தவுடன் ஒன்று. எச்சில் போதாது, நெஞ்சின் ஆழத்திலிருந்து வர வேண்டும். எனக்கு வறட்டு இருமல் என்பதால் மூச்சை இரண்டு மூன்று முறை ஆழ இழுத்து, பிறகு பலமாக இருமி எடுக்கச் சொல்லிக் கொடுத்தார் அங்கிருந்த நர்ஸ். வேலூர்ப் பக்கத்துப் பெண். முடிவில் காசநோய் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண்தான் சொன்னார்: "டீச்சர், எத்தனை நாளாக இருமுகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது இருமுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு நெஞ்சு டாக்டரிடம் போங்கள்."

எழுதினேன். பன்னிரண்டு நாள். ஒன்பது இரவுகளில் மூன்றிலிருந்து நான்கரை மணிக்குள் எழுந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்து குளிர்காற்று முகத்தில் பட்டதும் ஒரு சுற்று. இரண்டு மாடி ஏறி வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு சுற்று. வாய்விட்டுச் சிரித்தால் வந்தது. மிளகாய் தாளிக்கும் நெடிக்கு வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் விளக்கு வைத்த பிறகு வந்தது. சாம்பிராணி என்று அதன் எதிரே எழுதியபோது என் கை தயங்கியது.

நெஞ்சு மருத்துவர் நோட்டை முழுதும் படித்தார். பிறகு கேள்விகள். இரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போல 'ப்ரில்' என்று முடியும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சிலருக்கு அதுவே வறட்டு இருமலைக் கொண்டுவருமாம். மூக்கிலிருந்து தொண்டைக்குள் நீர் இறங்குகிறதா? நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம்? இரத்தம், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எட்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் இதை நாள்பட்ட இருமல் என்றுதான் சொல்ல வேண்டும், காரணத்தைத் தேடாமல் சிரப் கொடுப்பதில் பயனில்லை என்றார். குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று கேட்டபோதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. மார்கழியில் திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் விடிய வைத்த இரவுகள்.

அடுத்து ஊதும் பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை நிறைய இழுத்து, குழாயில் ஒரே வீச்சில் பலமாக ஊதி, முழுதும் காலியாகும் வரை விடாமல் தொடர வேண்டும். மூன்று முறை. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை உறிஞ்சவைத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, மறுபடியும் மூன்று முறை. முதல் விநாடியில் நான் வெளியேற்றிய காற்று 1.9 லிட்டரிலிருந்து 2.2 லிட்டராகியிருந்தது. 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதைவிட அதிகம். சிலருக்கு இந்தச் சோதனை சரியாக வந்தும் நோய் இருக்கும், அப்போது வேறு வழியில் பார்ப்பார்களாம்.

ஆஸ்துமா என்றார். எனக்கு இழுப்பே இல்லையே என்றேன். இழுப்பு இல்லாமல் இருமலை மட்டுமே காட்டும் வகையும் உண்டு என்றார். மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, சின்னத் தூண்டலுக்கும் சுருங்குகிறது. மூன்று மணியின் மர்மமும் விளங்கியது. உடலே சுரக்கும் ஸ்டீராய்டு இரவில் குறைந்துவிடுகிறது, விடியலுக்கு முன் மூச்சுக்குழாய் எல்லோருக்குமே கொஞ்சம் இறுகும். ஆரோக்கியமானவர்களுக்கு அது தெரிவதில்லை.

புடெசொனைட் என்ற ஸ்டீராய்டு மருந்துள்ள இன்ஹேலர் எழுதினார். வீட்டில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. "பழகிவிட்டால் விடவே முடியாதாம் அம்மா, வேண்டாம்" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பயம் நம் வீடுகளில் எத்தனை பேரை மூச்சுத் திணற வைத்திருக்கிறது! அப்பாவும் இதே பயத்தில்தான் இன்ஹேலரைத் தொடாமல் இருந்தார். ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மில்லிகிராம் கணக்கு. இதில் ஒரு முறை உறிஞ்சுவது 200 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அத்தை பேசவில்லை. ஆனால் கையை விட்டார்.

முதல் பத்து நாள் பலன் தெரியவில்லை. திரும்பப் போனபோது, செய்து காட்டுங்கள் என்றார்கள். மருந்தை அழுத்திய பிறகுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் நாக்கிலேயே தங்கிவிட்டது. சிறுவர்களுக்கானது என்று நினைத்து, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை அலமாரியில் வைத்திருந்தேன். பெரியவர்களுக்கும் அதுதான் நல்லது என்றார்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மணி ஐந்தே முக்கால். அசையாமல் படுத்திருந்தேன்.

சாம்பிராணியைப் பற்றி நான் சொல்லவில்லை. என் கணவர்தான் நோட்டை அத்தையிடம் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த வெள்ளியன்று தூபக்கால் மாடத்திலேயே இருந்தது. முழம் மல்லிகை கூடுதலாக வாங்கிச் சாமிக்குச் சாத்தியிருந்தார். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் துணையாக அத்தையும் இரண்டு மாதமாக அதிமதுரம் மென்றிருக்கிறார். அவருக்கு இரத்தக்கொதிப்பு உண்டு. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும் என்று மருத்துவர் நிறுத்தச் சொன்னார். மறுநாளே டப்பாவைப் பரணில் ஏற்றினேன்.

இன்னும் முழுதாகப் போகவில்லை. மழை ஈரமும் சாலைத் தூசியும் சேரும் நாட்களில் எட்டிப் பார்க்கிறது. மூன்று மாதம் சீராக இருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நானாக நிறுத்தப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் காயவைக்க வேண்டும், துணியால் தேய்த்தால் மருந்து அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். பூஜைப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் கவிழ்த்து வைக்கிறார்.