நந்திதான் நகர்ந்தது

சிவன் கோயிலில் வாசலில் நின்றே சுவாமியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் நடுவில் நந்தி உட்கார்ந்திருக்கும். சுற்றிக்கொண்டு உள்ளே போனால்தான் தரிசனம். காவிரிக்கரையில் இப்படி மறைக்காத நந்தி எனக்குத் தெரிந்து இரண்டு ஊர்களில் இருக்கிறது. ஒன்று கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பட்டீஸ்வரம், இன்னொன்று வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர். வெயிலில் நடந்து வந்த ஞானசம்பந்தருக்கு முத்துப்பந்தல் அனுப்பிய சிவன், அந்தப் பிள்ளை பந்தலின் கீழ் வரும் அழகைப் பார்க்க வேண்டும் என்று பட்டீஸ்வரத்து நந்தியை விலகச் சொன்னாராம். திருப்புன்கூரில், சாதியால் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்ற நந்தனாருக்காகச் சொன்னார். இந்த மே மாதம் இரண்டு நந்தியையும் ஒரே பயணத்தில் பார்த்தோம்.

உண்மையில் நாங்கள் கிளம்பியது நந்தியைப் பார்க்க இல்லை. சித்தப்பா பையனுக்கு வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதல் முடி அங்கேதான். திருப்பூரிலிருந்து வேன் பிடித்தோம். அப்பாயிக்கு முன் சீட், எனக்குப் பைகளோடு கடைசி சீட். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த களைப்பு என்று எல்லாரிடமும் சொன்னேன். வகுப்பிலும் எனக்குக் கடைசி பெஞ்சுதான் வசதி. யாரும் திரும்பிப் பார்த்து எதுவும் கேட்க மாட்டார்கள்.

திருச்சி தாண்டியதும் அப்பாயி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். காவிரி என்று காட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்து, அது கல்லணை தாண்டி இங்கே வந்து சேர்ந்தால்தான் குறுவை. அதுவரை வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும், இல்லையென்றால் பருத்தி. கும்பகோணத்தில் பித்தளை டபராவில் காபி, பட்டீஸ்வரத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு. இதையெல்லாம் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வந்துவிடுகிறேன்.

ஊருக்குள் நுழைந்ததுமே நாடி ஜோதிடப் பலகைகள்தான் கண்ணில் படும். கட்டைவிரல் ரேகையை வைத்தே நம் பெயர், அப்பா பெயரெல்லாம் ஓலையில் எடுத்துக் காட்டுவார்கள் என்று அத்தைக்கு ஒரே ஆசை. அப்பா விடவில்லை. மொட்டை முடிந்து, சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பு மிளகு போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். கோயில் பிரசாதமான திருச்சாந்து உருண்டையைத் தம்பி மிட்டாய் என்று நினைத்து இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு அம்மா, குடும்பத்தோடு வந்திருந்தார். எவர்சில்வர் தூக்கில் புளியோதரை. நல்ல மனசுதான், கேட்காமலேயே அப்பாயிக்கு ஒரு வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார், மொட்டைத் தலையைத் தடவினார், "கண்ணு பட்டுடப் போவுது, வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடுங்க" என்றார். அப்புறம் கேட்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"திருப்பூருங்க" என்றார் அப்பா.

"பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சா இருக்கே?"

"ரொம்ப வருஷமா திருப்பூர்லதாங்க."

அப்பாயி இலையிலிருந்து தலையைத் தூக்கி, மாயவரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவருடைய நாத்தனாரைக் கொடுத்த ஊராம். "அங்க எந்தத் தெரு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பாயி சொல்லிவிட்டார். காலனித் தெரு.

சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அந்த அம்மா தூக்கை மூடினார். கரண்டியை அதற்குள் போடாமல் தனியாகக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "வெயிலு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்தார். அவர் போன இடத்தில்தான் வெயில் அடித்தது.

வேனில் ஏறியதும் அப்பா கோபமாக, "உன்னை யாரும்மா சொல்லச் சொன்னா?" என்றார்.

"கேட்டா, சொன்னேன்" என்றார் அப்பாயி.

எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நானும் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே செய்கிறேன்? "உனக்கு நேட்டிவ் எது?" என்று யாராவது கேட்டால் திருப்பூர் என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அப்பாவின் "ரொம்ப வருஷமா" எனக்கு அப்படியே வந்திருக்கிறது, மூக்கு வந்த மாதிரி.

திருப்புன்கூர் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்குப் போனோம், கூட்டமே இல்லை. சுவாமி பெயர் சிவலோகநாதர், அம்பாள் சௌந்தர நாயகி. புற்று மண்ணால் ஆன லிங்கம் என்பதால் குவளை என்ற கவசம் சாத்தியிருக்கிறார்கள், புனுகுச் சட்டம் சாத்துவது இங்கே விசேஷம். அர்ச்சனைக்குக் கோத்திரம் கேட்டதும் அத்தை சட்டென்று "சிவ கோத்திரம்" என்றார். கோத்திரம் தெரியாதவர்களுக்கு எல்லாம் இந்த ஒரு கோத்திரம் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

நந்தி நல்ல பெரிய நந்தி. வாசலிலிருந்து நேராகப் பார்த்தால் கர்ப்பகிரகத்து விளக்கு தெரிகிறது, அந்தக் கோட்டை விட்டு நந்தி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. துவாரபாலகரில் ஒருவர் தலை சாய்ந்திருப்பதையும் காட்டுகிறார்கள். வெளியே நந்தனார் காத்திருக்கிறார் என்று சுவாமியிடம் சொன்னது அவர்தானாம்.

நந்தனார் கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு என்று சேக்கிழார் எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த தோல் கருவறைக்குப் பக்கம் வரை போயிருக்கிறது, அவர் வாசலோடு சரி. கொடுமைக்காரப் பண்ணையார் கதையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடியபோது சேர்ந்தது, பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் இல்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. தடுக்க ஒரு வில்லன்கூட இல்லாமலேயே அவர் "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சிதம்பரம் போகும் நாளைத் தள்ளியிருக்கிறார். திருநாளைப்போவார் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

அப்பாயி நந்திக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்க ஊரு சிவன் கோயில்ல நான் கொடிமரம் தாண்டினதே கெடையாது பாப்பா. கல்யாணம் ஆகி வந்து எத்தனையோ வருஷம். போவாதேன்னு யாரும் சொல்லல. நாங்களே நின்னுக்குவோம்."

"இப்போ?"

"இப்ப என்ன, சந்நிதி வரைக்கும் வந்து நிக்கிறேனே. கால்தான் வலிக்குது."

மண்டபத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, போனில் இந்தத் தலத்துத் தேவாரத்தைத் தேடினேன். சுந்தரர் பாடிய பதிகம் ஒன்று கிடைத்தது. மழை இல்லாமல் வயல் காய்ந்தபோது பன்னிரண்டு வேலி நிலம் கொடுத்து மழை வாங்கியதும், அது வெள்ளமாகக் கொட்ட, நிறுத்துவதற்கு இன்னொரு பன்னிரண்டு வேலி கொடுத்ததும் அதில் வருகிறது. டெல்டாக்காரர்களின் கதை அன்றைக்கும் இதேதான். அப்பாயி கேட்டுவிட்டு, "நெலம் இருந்தவங்க குடுத்துருக்காங்க" என்றதோடு முடித்துவிட்டார்.

"சத்தமா படி" என்றார். நான் பொது இடத்தில் சத்தமாகப் படிக்கிற ஆள் இல்லை. சரி, கூட்டம் இல்லையே என்று ஆரம்பித்தேன். "நற்றமிழ் வல்ல ஞானசம்பந்தன், நாவினுக் கரையன் நாளைப் போவானும்..." என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். சம்பந்தர், அப்பர், அவர்களை ஒட்டியே நாளைப்போவார். ஒரே மூச்சில், யாரையும் தள்ளி உட்காரவைக்காமல். அடுத்தடுத்து சாக்கியர், சிலந்தி, கண்ணப்பன் எல்லாம் வருகிறார்கள். இவர்கள் குற்றம் செய்தாலும் குணமாக எடுத்துக்கொள்கிறவன் நீ, அதைப் பார்த்துத்தான் உன்னிடம் வந்தேன் என்கிறார் சுந்தரர். நாளைப்போவார் என்ன குற்றம் செய்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆதிசைவ அந்தணர் குடும்பத்தில் பிறந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்" என்று தன்னை அவருக்கு அடியாராகச் சொல்லிக்கொண்டவர் என்பதால் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

தூணில் சாய்ந்திருந்த ஒரு தாத்தா, "நாவினுக்கு அரையன்னு பிரிச்சுப் பாரும்மா, அப்பர்தான். சேர்த்துப் படி, சந்தம் வரும்" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தேன். குரல் மண்டபத்தில் மோதித் திரும்பி வந்தது. என் குரல் இவ்வளவு பெரிசா என்று இருந்தது. தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் "பத்துப் பாட்டையும் படி" என்றார். படித்தேன். தம்பி போரடிக்கிறது என்று குளத்தைப் பார்க்கப் போய்விட்டான். நந்தனார் வெட்டிய ரிஷப தீர்த்தம், பிள்ளையார் துணைக்கு நின்றாராம். குளம் வெட்டிய பிள்ளையார் என்றே பெயர்.

வேனில் திரும்பும்போது அத்தை அந்தப் புளியோதரை அம்மாவைப் பற்றி மறுபடி எடுத்தார். "படியில எப்படி வெலகிப் போய் உக்காந்தா பாத்தியா?"

"வெலகுனா நல்லதுதான்" என்றார் அப்பாயி. "கொளம் நல்லா தெரிஞ்சுச்சு."

அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம். பாலத்தில் போகும்போதே அப்பாயிக்கும் எனக்கும் வாக்குவாதம். திருப்புன்கூரில் நந்தனார் அவராகவே வந்தார், அவராகவே நின்றார், நந்திதான் நகர்ந்தது. தில்லையில் மட்டும் அவர் தீயில் இறங்கி, முனிவர் உருவமும் பூணூலுமாக வெளியே வந்தால்தான் உள்ளே போகலாம். இது என்ன நியாயம் என்றேன். "வெளில வந்ததும் அவரைக் கும்புட்டது யாரு? தில்லைவாழ் அந்தணருங்கதானே?" என்றார் அப்பாயி. பூணூலைப் பார்த்துத்தானே கும்பிட்டார்கள் என்றேன். அப்பாயி கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "அத சேக்கிழார்கிட்டதான் கேக்கணும்" என்றார். எனக்குத் திருப்புன்கூர்க் கதை போதும். ஆனால் நடராஜர் முன்னால் தீபாராதனை காட்டியபோது இந்த வாதமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தூக்கிய திருவடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பின்னாலிருந்தவர்கள் தள்ளும் வரை.

கிளம்பும்போது அப்பாயி ஓமக்குளம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று சொல்வார்கள். அங்கே நான் எதிர்பார்க்காதது, நந்தனார் பெயரில் ஒரு பள்ளிக்கூடம். சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கியது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்த சாமியார், பிற்பாடு சட்டசபைக்கும் போனவர். அப்பாயியின் தம்பி இங்கே தங்கிப் படித்தாராம். அவர்தான் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டிப்ளமோவில் சேர்த்தவர். எனக்கு இதெல்லாம் யாரும் சொன்னதே இல்லை.

கோடை விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்க மாமா இங்க படிச்சவருங்க என்று தொடங்கி, மாமா பெயர், எங்கள் ஊர், தெரு வரைக்கும் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார்.

வேன் ஜன்னலிலிருந்து அப்பாயி குரல் கொடுத்தார்: "இப்ப மட்டும் உன்னை யாருடா சொல்லச் சொன்னா?"