குளத்துப் படகும் கிலோக் கணக்கும்

சின்னப் படகு வாங்கியவர்களுக்கு முதலில் வருகிற ஆசை அதைப் பெரிய படகாக்கிப் பார்ப்பதுதான். இணையத்தில் பார்க்கிற படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன: பத்தடி அலுமினியப் படகின் மேல் முழுக்கக் கம்பளம் ஒட்டிய மேடை, இரண்டு சுழல் நாற்காலி, மேடைக்குக் கீழே மூடி போட்ட பெட்டிகள், முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குளத்துக்கும் சிறு ஏரிக்கும் போகிற படகை இறக்குவதற்கு அங்கே ஒழுங்கான சரிவுப்பாதைகூட இருக்காது. சேற்றிலும் புல்லிலும் ஆளே தூக்கிக்கொண்டு போய் இறக்க வேண்டும், திரும்பும்போது களைத்துப்போன கையோடு அதையே ஏற்ற வேண்டும். அதனால் என் படகில் கை வைத்தபோது ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன். எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு பல ஆசைகளைத் தானாகவே அடித்துவிட்டது.

உதாரணத்துக்கு பிளைவுட். 12 மி.மீ. தடிமனில் எட்டடிக்கு நாலடி பலகை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. மேடை, தரை, பெட்டி மூடி என்று இரண்டு பலகை வாங்கினால் 40 கிலோ, அதற்குச் சட்டம், திருகாணி, கம்பளம். கம்பளம் நனைந்தால் அது குடிக்கிற தண்ணீர் வேறு. பத்தடி அலுமினியக் கூடே, அதாவது எதுவும் சேர்க்காத வெறும் படகே, பெரும்பாலும் 40, 50 கிலோவுக்குள்தான் வரும். படகை அழகாக்குகிறேன் என்று இன்னொரு படகை அதன் மேல் ஏற்றிவைக்கிற கதை இது.

சரி, முதலில் கூடு. பழைய படகு என்றால் எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஒழுகலைப் பார்த்துவிடுங்கள், தரை போட்ட பிறகு தகடுகளை இணைக்கிற ரிவெட்டை (தட்டி இறுக்கிய ஆணியை) தேடிப் பிடிக்க முடியாது. வெளியே தண்ணீரில் விட்டு உள்ளே கசிவதைத் தேடுவதைவிட, கரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே முத்துப்போல் துளிர்க்கிறது என்று பார்ப்பது எளிது. சொட்டுகிற ரிவெட்டைச் சுற்றி மெழுகுக் குச்சியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்றுவதில் மட்டும் நிதானம் வேண்டும்: மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு வெறும் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 300 லிட்டர், அதாவது 300 கிலோ. இரண்டு முனையில் மட்டும் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு இதைச் செய்தால் நடுவில் தொய்ந்துவிடும். அடியில் பல இடங்களில் தாங்கு கொடுங்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாகப் படகைச் சாய்த்துப் பாருங்கள். தளர்ந்த ரிவெட்டை இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் உள்ளே கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டினாலே பல நேரம் இறுகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முனை மூடிய பாப் ரிவெட் வாங்குங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், அது ஒழுகலுக்கு ஒழுகலையே வைத்து அடைக்கிற வேலை.

அடுத்து எல்லோரும் ரம்பத்தை எடுக்கிற இடம், நடு இருக்கை. காலுக்குக் குறுக்கே கிடக்கிறது, வெட்டி எறிந்தால் நிற்க நடக்க நிறைய இடம் கிடைக்கும் என்று தோன்றும். நான் வெட்டவில்லை, யாரையும் வெட்டச் சொல்லவும் மாட்டேன். மெல்லிய தகட்டுப் படகில் அந்தக் குறுக்குப் பலகைதான் இரண்டு பக்கச் சுவரையும் விலகாமலும் நெருங்காமலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் கூடு முறுக ஆரம்பிக்கும், முறுகினால் ரிவெட் தளரும். இன்னொன்று, பெரும்பாலான படகுகளில் மிதவை ஃபோம் அந்த இருக்கைக்குள்தான் அடைத்து வைத்திருப்பார்கள். தண்ணீருக்குள் அமிழ்ந்த ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். இருக்கையோடு 60 லிட்டர் ஃபோமைத் தூக்கிப் போட்டால், படகு நிரம்பிக் கவிழ்கிற அன்றைக்கு உங்களைத் தாங்க வேண்டிய 60 கிலோவைத் தூக்கிப் போடுகிறீர்கள். அப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், பக்கச் சுவர்களுக்கு வேறு வகையில் குறுக்குத் தாங்கு கொடுத்து, எடுத்த ஃபோமுக்குச் சமமாகவாவது வேறு இடத்தில் அடைக்க வேண்டும். பழைய ஃபோமை ஒரு துண்டு வெட்டிக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது, வேலைக்கு ஆகாது. புதிதாகப் போடுவதானால் தண்ணீர் உறிஞ்சாத, கண்ணறை மூடிய ஃபோம் வேண்டும். கட்டடக் காப்புக்கு வருகிற பாலிஸ்டைரீன் பலகை நன்றாக வேலை செய்யும், ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும். அதனால் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

நின்றுகொண்டு தூண்டில் வீச ஒரு மேடை வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. இங்கேதான் அகலக் கணக்கு வருகிறது. படகு சாயாமல் நிற்கும் ஆற்றல் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து மாறுகிறது. நாலடி அகலம் மூன்றடியாகக் குறைந்தால் நிலைத்தன்மை முக்கால் பங்காகாது, 64-க்கு 27 என்று பாதிக்கும் கீழே போய்விடும். குறுகிய படகில் ஒரு அடி உயரத்துக்கு மேடை போட்டு அதன் மேல் 75 கிலோ ஆள் ஏறி நின்று, பக்கவாட்டில் மீனை இழுப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அகலம் நாலடிக்குக் குறைவென்றால் மேடை வேண்டாம் என்பது என் கட்சி. தட்டையான, வழுக்காத தரை போதும், அதை அடியிலுள்ள விலா எலும்புகளுக்கு மேலேயே, முடிந்த அளவு தாழ்வாகப் போடுங்கள்.

தரைக்கு நான் மெல்லிய அலுமினியத் தகடு போட்டு மேலே ஈவிஏ ஃபோம் (ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக்) விரிப்பு ஒட்டினேன். கம்பளத்தில் தூண்டில் முள் மாட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், மீன் சளி ஏறினால் நாற்றம் போகாது. ஈவிஏ-வில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. அதோடு சத்தமும் குறையும். ஆழமில்லாத நீரில் தகட்டின் மேல் ஈயக்குண்டு ஒன்று விழுந்தாலே நீருக்குள் நன்றாகக் கேட்கும், மீன் அந்தப் பக்கமே வராது. பிளைவுட்தான் வேண்டும் என்றால் கடல்தரப் பிளைவுட் எடுத்து எல்லா ஓரத்திலும், முக்கியமாகத் துளை போட்ட இடங்களில், எபாக்சிப் பிசின் பூசுங்கள். செம்பு மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரத்தை மட்டும் அலுமினியத்தோடு ஒட்டவிடாதீர்கள், ஈரம் சேர்ந்தால் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். அடிப்பக்கம் பூசுகிற செம்பு கலந்த பெயிண்ட்டுக்கும் இதே விதிதான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி நல்லதுதான், ஆனாலும் இடையில் நைலான் வாஷரோ சீலன்ட்டோ இருக்கட்டும்.

இப்போது மோட்டார். பல சிறு நீர்நிலைகளில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இருக்காது, இருந்தாலும் தேவையில்லை. மின்சார டிரோலிங் மோட்டாரின், அதாவது படகை மெதுவாக நகர்த்துகிற சிறு மோட்டாரின், தள்ளுவிசையை பவுண்டில் சொல்வார்கள். ஆள், சாமான் எல்லாம் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும், அதாவது சுமார் 45 கிலோவுக்கும், 2 பவுண்டு தள்ளுவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 250 கிலோவுக்குச் சுமார் 11 பவுண்டு என்று வருகிறது, காற்றுக்கு எதிராகப் போக இரண்டு மடங்கு வைத்தாலும் 30 பவுண்டு மோட்டார் போதும். 55 வாங்கினால் பறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நீரைக் கிழித்து மிதந்து போகிற படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போட்டுவிடுகிறது. நீர்மட்டத்தில் பத்தடி நீளமென்றால் அது சுமார் 4.2 நாட், மணிக்கு 8 கி.மீ.கூட இல்லை. அதற்கு மேல் தள்ளத் தள்ள பெரிய அலைதான் கிளம்பும், பேட்டரிதான் காலியாகும்.

பேட்டரி என்றதும் மெதுவாகப் போகிறவனுக்குக் கிடைக்கிற பரிசைச் சொல்ல வேண்டும். தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்குப் பக்கமாக ஏறுகிறது, ஆகவே வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும். 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் வரை இழுக்கும், பாதி வேகத்தில் சில ஆம்பியரோடு நின்றுவிடும். ஆனால் ஐந்து படி வேகம் மட்டும் உள்ள பழைய வகை மோட்டார்கள் மிச்ச மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் சூடாக்கி வீணடிப்பவை, அவற்றில் இந்த லாபம் முழுதாகக் கிடைக்காது. வேகத்தைத் தொடர்ச்சியாகத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகையை, மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிற வகையைத்தான் தேட வேண்டும்.

என் நோட்டில் மிகப்பெரிய மிச்சம் விழுந்தது இந்த இடத்தில்தான். 100 ஆம்பியர்-மணி ஈயஅமில பேட்டரி 27, 30 கிலோ வரும், அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 11 முதல் 13 கிலோ, கிட்டத்தட்ட முழுதாகவே பயன்படுத்தலாம். அப்படியானால் 50 ஆம்பியர்-மணி லித்தியமே பழைய 100-இன் வேலையைச் செய்துவிடும், எடை ஆறு ஏழு கிலோதான். 20 கிலோவுக்கு மேல் மிச்சம்! விலை அதிகம்தான், இருந்தாலும் மேடைக்கும் கம்பளத்துக்கும் நாற்காலிக்கும் கொட்டுகிற பணத்தை இதில் போடுங்கள் என்பேன். ஒரு விஷயம் மட்டும் பழக வேண்டும்: லித்தியத்தின் வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய 13-லேயே நின்று திடீரென்று விழும், வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆம்பியர்-மணியை எண்ணுகிற சிறு மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். துடுப்பு எப்படியும் படகில் இருக்கட்டும்.

முன்னால் மோட்டார், நான் பின்னால் என்றால் பேட்டரி நடுவில், தரையோடு தரையாக. கனமான பொருளை இடம் மாற்றினாலே படகின் தலை நிமிர்வதும் தாழ்வதும் சரியாகிவிடும், நானும் படகை நீரில் விட்டு, உட்கார்ந்து பார்த்து, பேட்டரியை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திய பிறகுதான் பட்டை போட்டுக் கட்டினேன். கேபிளில் கஞ்சம் பிடிக்காதீர்கள். போகவர எட்டு மீட்டர் கேபிள், 30 ஆம்பியர் என்றால் 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 0.7 வோல்ட் கரைந்துபோகும், 16 சதுர மி.மீ.-இல் 0.3 கூட ஆகாது. மின்சாரம் மிதமிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கிற பிரேக்கரைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஒரு சாணுக்குள் வையுங்கள், மோட்டார் பக்கம் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை. மீன் காட்டும் கருவிக்குத் தனியாகச் சின்ன பேட்டரி கொடுத்தால், மோட்டார் போடும்போது திரையில் கோடுகோடாக வரும் இரைச்சல் பெரும்பாலும் போய்விடும்.

தூண்டில் தாங்கி, கோப்பை வைக்கிற வளையம் எல்லாம் உங்கள் விருப்பம். துளை போடாமல் ஓரத்தில் கவ்விப் பிடிக்கிற வகையாக இருந்தால் நல்லது, எப்படியும் இடம் மாற்றத் தோன்றும். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் எதற்காகவும் துளை போடாதீர்கள். மீன் கருவியின் உணர்கருவியை ஒரு கம்பில் கட்டிப் பக்கத்தில் இறக்கினாலே போதும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டார் விசிறியின் நட்டைத் திருகி விசிறியை உருவிப் பாருங்கள். தண்டைச் சுற்றி, நகத்தால்தான் பிடிக்க முடிகிற அளவுக்கு மெல்லியதாக, தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருக்கும். அது சூடாகி அடைப்பு வளையத்தை அறுத்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். பாசித்தண்டும் ஆகாயத்தாமரை வேரும் அங்கேயேதான் சிக்கும், அவற்றையும் வழித்து எடுத்துக் காயவைத்துவிடுங்கள், தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பானைத் திறந்து அடியில் நிற்பதையும் முழுக்க இறக்கிவிடுங்கள். சில களைகள் ஒரு துண்டிலிருந்தே முளைத்து அடுத்த குளத்தை மூடிவிடும். பிடுங்கிய அடைப்பானை ஒரு சின்னச் சங்கிலியில் கோத்துப் பின்பலகையில் மாட்டிவையுங்கள். இந்த முழுப் படகிலும் பத்து கிராம்கூட வராத சாமான் அது, ஆனால் அடுத்த முறை இறக்கும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.