காற்புள்ளி உட்பட

மெயிலில் இரண்டே வரி. "உங்கள் தேர்வுத்தாளைப் பற்றிப் பேச வேண்டும். வியாழக்கிழமை என் அறைக்கு வந்து பாருங்கள்." அனுப்பியவர் உளவியல் ஆசிரியர்.

படித்ததும் வயிற்றைக் கலக்கியது. 'ரூமுக்கு வா' என்று ஒரு வாத்தியார் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? நான் பி.காம். படித்த காலத்தில் எச்.ஓ.டி. அறைக்குப் போனவள் எவளும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்ததில்லை. அழுதுகொண்டு வருவாள், இல்லாவிட்டால் 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்ற உத்தரவோடு வருவாள். இப்போது எனக்கு வயது 34. எட்டு வயதில் ஒரு மகள். அப்பாவோ தென்காசியில் இருக்கிறார்.

"என்னங்க, நீங்களாவது கூட வாங்களேன்" என்று கணவரிடம் கேட்டேன். அவர் இங்கே அமெரிக்காவிலேயே எம்.எஸ். படித்தவர் என்பதால் இந்த ஊர்ச் சட்டமெல்லாம் தெரியும். மாணவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய மார்க்கைப் பற்றி வேறு யாரிடமும் கல்லூரி பேசக் கூடாது என்று 1974-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். பெற்றவர்களுக்கே பெரும்பாலும் அதுதான் கதி. "நான் வந்தாலும் வெளியேதான் நிற்கணும்" என்றார். நான் ப்ளஸ் டூ படித்தபோது என் மார்க் எனக்குத் தெரிவதற்கு முன்பே எதிர்வீட்டு அத்தைக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டம் அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம்.

நான் கலிபோர்னியாவுக்கு வந்தது 2021 ஜூனில், எச்-4 விசாவில். இங்கே வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் விசா அது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் எங்களுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். படிப்பதற்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. சரி, படிக்கலாம் என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மற்றவர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. மாநிலவாசி என்ற பெயரை வாங்க, ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாட்டி கதைகளில் ராஜகுமாரி சாபத்தில் கிடக்கும் காலம் மாதிரி இருக்கும். காலண்டரில் தேதியைக் கிழித்துக் கிழித்து, 2022 ஆகஸ்டில் சேர்ந்தேன். மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலர்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் முதலில் கேட்டது: "எந்தக் கம்யூனிட்டிக்கு உள்ள காலேஜ்ட்டி? நம்மளச் சேப்பாங்களா?" தாசில்தார் ஆபீஸில் கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்காக மூன்று நாள் வரிசையில் நின்றவள் வேறு எப்படிக் கேட்பாள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அது ஒன்றுதானே அர்த்தம். சாதி இல்லை, இந்த வட்டாரத்து மக்கள் எல்லோருக்கும் பொதுவான இரண்டு வருடக் கல்லூரி என்று விளக்கினேன். "எல்லாருக்கும்னா, மார்க்கு?" மார்க்கும் வேண்டாம், கட்-ஆஃப் கிடையாது, கவுன்சிலிங் கிடையாது என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மார்க் கேட்காத காலேஜ் நல்ல காலேஜாக இருக்குமா என்ற கவலை அந்த மௌனத்தில் நன்றாகவே கேட்டது.

உண்மையில் அதை ஒரு திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1960-ல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு ஒரு பல்கலைக்கழக வரிசைக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு இன்னொன்றுக்கு, படித்துப் பயன் பெறக்கூடிய எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். இன்று அப்படி 116 கல்லூரிகள். இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால் இங்கிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கே மாறிப் போகலாம், போகிறார்கள்.

அந்த 'எவருக்கும்' என்பதை என் வகுப்பில் கண்ணால் பார்த்தேன். எனக்கு வலப்பக்கம் 16 வயதுப் பெண், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் கல்லூரி. இடப்பக்கம் ஈராக்கில் இருந்துவிட்டு வந்து அரசாங்கப் பணத்தில் படிக்கும் முன்னாள் ராணுவக்காரர். முன்வரிசையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் மார்க்கர் போட்டுக்கொண்டிருப்பார். பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வருவார்கள், கையில் பரிட்டோவோடு. வகுப்பில் சாப்பிட்டால் ஆசிரியர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான்தான் பதறினேன். அவர் கையிலும் ஒரு காபி இருந்தது. பாடப்புத்தகம் இணையத்தில் இலவசம். முதல் வாரமே மாணவர் சங்கங்கள் கடை விரித்து பீட்சா கொடுத்தன. நான் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை, பீட்சாவை மட்டும் சாப்பிட்டேன். காசில்லாத மாணவர்கள் பருப்பும் காய்கறியும் எடுத்துப்போக ஓர் அறை இருக்கிறது. யாரும் யாரையும் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பதில்லை.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். அது என் வாயில் வரவில்லை. 'எக்ஸ்க்யூஸ் மி' என்றே ஒரு செமஸ்டரை ஓட்டினேன். புருஷன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமார்களின் சாமர்த்தியம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

வியாழக்கிழமை போனேன். சின்ன அறை. மேசையில் அவர் வளர்க்கும் நாயின் படம். என் தேர்வுத்தாள் ஒரு பக்கம், பாடப்புத்தகப் பக்கத்தின் அச்சு ஒரு பக்கம். இரண்டிலும் வரிகளுக்கு மஞ்சள் அடித்திருந்தார். கோபமே இல்லை, ரொம்பவும் மென்மையாகப் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு பாரா முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது. காற்புள்ளி உட்பட. தேர்வின்போது போன் உங்கள் கையில் இருந்ததா?"

கேள்வி மூளைக்குப் போய்ச் சேரவே கொஞ்ச நேரம் ஆனது. நான் காப்பி அடித்தேன் என்கிறார். காப்பி! பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் விடைத்தாளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டாததற்காக ஒருத்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அப்படிப்பட்ட என்னை. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயில் ஆங்கிலம் வரவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்தேன்.

பாவ்லோவில் தொடங்கினேன். அவர் ரஷ்ய உடலியல் ஆய்வாளர் என்பது, 1904-ல் நோபல் வாங்கியது அந்தப் பேர்பெற்ற நாய்ச் சோதனைக்காக அல்ல, செரிமான ஆய்வுக்காக என்பது, உணவைப் பார்த்தால் நாய்க்கு உமிழ்நீர் ஊறும், பிறகு உணவோடு சேர்ந்து வரும் ஓசைக்கே ஊறும் என்பது, அதற்கான வரையறை, அதன் நான்கு உறுப்புகள், படத்துக்குக் கீழே போட்டிருந்த குறிப்பு எல்லாம். மூன்றாவது பாராவில் இருந்தபோது "போதும், போதும்" என்றார். முகம் மாறியிருந்தது. எத்தனை பக்கம் இப்படித் தெரியும் என்று கேட்டார். "ஆறு பாடம்" என்றேன். அதுதானே போர்ஷன்.

அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாத்தியார் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதோடு விட்டிருந்தால் நான் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் இன்னொன்றும் கேட்டார். "உங்கள் சொந்த வார்த்தையில் ஏன் எழுதவில்லை?"

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதும், துணி மடிக்கும்போதும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போதும் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். பி.காம். மட்டும் ஆங்கிலத்தில். முதல் நாள் பொருளாதார வகுப்பில் பாதி புரியவில்லை, மீதி காதில் விழவே இல்லை. பரீட்சை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதினால் அதில் மூன்று தப்பு இருக்கும். புத்தகத்து வாக்கியத்தில் தப்பே இருக்காது. எது புத்திசாலித்தனம்? விடியற்காலை நாலு மணிக்கு அம்மா வரக்காப்பி போட்டுக் கையில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்புவாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்து நடந்து வாய்விட்டுப் படிப்பேன். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுத் திரும்பினால் ஒரு பாரா. பக்கத்து மாடியில் மெடிக்கலுக்குப் படிக்கிற அண்ணன் நடப்பார், அதற்கடுத்த மாடியில் பத்தாம் வகுப்புக்காரி. மேற்கே மலை லேசாக வெளுத்து வரும். தெரு முழுக்க ஆளுக்கொரு பாடம் முணுமுணுத்துக்கொண்டு நடப்போம். மழைக் காலத்தில் சாரல் அடித்தால் மட்டும் விடுமுறை.

அப்படி மூன்று வருடம் நடந்து வாங்கிய பட்டம் அது. அதைத்தான் இங்கே திருட்டு என்கிறார்கள். சொந்த வார்த்தை என்று எனக்கு இருப்பதெல்லாம் தமிழில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் ஆங்கிலம் முழுக்கப் புத்தகங்கள் கொடுத்தது. அதில் எது என்னுடையது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எப்படிக் காட்டுவது?

அன்று அந்த அறையில் நான் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். புத்தகத்தை மூடினார். "இதைப் படிக்காத ஒருவருக்கு, உங்கள் அம்மாவுக்கு, எப்படிச் சொல்வீர்கள்?" என்றார்.

அம்மாவுக்கா? அம்மா என்றதும் ராத்திரி ஒன்பது மணித் தெரு ஞாபகத்துக்கு வந்தது. குல்பி வண்டி. வண்டி முக்குத் திரும்புவதற்கு முன்பே மணி கேட்கும். கேட்டதும் எனக்கும் தம்பிக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஒரு நாள் கோயிலில் அதே மாதிரி மணி அடித்தபோது தம்பி சாமியைப் பார்க்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தான், அம்மா அவன் மண்டையில் கொட்டினாள். இதைத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொன்னேன். காலம் தப்பாக, ஒருமை பன்மை தப்பாக. அவர் சிரித்தார். "தம்பி, மணி, உமிழ்நீர், எல்லாம் இருக்கிறதே. இதை எழுதியிருக்கலாமே" என்றார். அப்புறம், குல்பி என்றால் என்ன என்றும் கேட்டார்.

எழுத்துப் பயிற்சி மையத்துக்குப் போகச் சொன்னார். அதுவும் இலவசம். அங்கே இருபது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். நான் எழுதியதைத் திருத்தித் தருவான் என்று நினைத்தேன். அவன் கேள்வி மட்டும் கேட்பான். "இந்த வரியில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்பான். சொன்னால், "அதையே எழுதுங்கள்" என்பான். சிவப்பு மையில் நாலு கோடு போட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவான் என்று பல நாள் எரிச்சல் பட்டிருக்கிறேன். ஆங்கில வகுப்பிலோ, மேற்கோள் காட்டினால் யார், எந்த நூல், எந்தப் பக்கம் என்று எல்லாம் வேண்டும். நம் பழைய இலக்கணக்காரர் 'என்மனார் புலவர்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவார். இங்கே கொடுத்தால், எந்தப் புலவர் என்று ஓரத்தில் எழுதி மார்க்கைக் குறைத்திருப்பார்கள்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில், கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த செமஸ்டரில் தப்பில்லாமல் எழுதிய எல்லோர் மீதும் சந்தேகம். என் கட்டுரையை யாரும் சந்தேகப்படவில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று கணவரிடம் கேட்டேன், அவர் ஜாக்கிரதையாகப் பதில் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. படித்ததை மூடி வைத்துவிட்டு, தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். குல்பி வண்டிக்கு முழு மார்க் விழுந்தது. மகளுக்குப் பாடம் சொல்லும்போதுகூட "புரியுதா?" என்றுதான் கேட்கிறேன், "ஒப்பி" என்று சொல்வதில்லை. பெரும்பாலும்.

ஆனால் தேர்வுக்கு முதல் நாள் காலை நாலு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. அலாரம் வைப்பதே இல்லை. இந்தக் குடியிருப்பில் மொட்டை மாடி கிடையாது, கூரைக்கு ஏற வழியில்லை. அதனால் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடப்பேன். குப்பைத் தொட்டியிலிருந்து தபால்பெட்டி வரை போய்த் திரும்பினால் ஒரு பாரா. டிசம்பர் குளிர், குல்லாய், ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் ஜாக்கெட். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை இரண்டாம் மாடியிலிருந்து ஒரு சீன அம்மாள் கதவைத் திறந்து, ஏதாவது உதவி வேண்டுமா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார். "எக்ஸாம்" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்து முடிக்கும் நேரம் அங்கே சாயங்காலம். அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"ஏட்டி, எல்லாம் பாடம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்மா."